கேழ்வரகுக் கொல்லையில் லாரிக்கு ஒதுங்கியவர்

ஐயா, அம்மையீர், நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கித் தேசிய நெடுஞ்சாலைக்கு வழி அளந்த அதிகாரி ஒருவரிடம் நான் அளவுச் சங்கிலி பிடிக்கும் வேலை பார்த்தேன். நெட்டையானவர், வெயிலில் கறுத்த முகம். கேழ்வரகுக் கொல்லையில் சாலையின் இரு ஓரங்களுக்கும் இரு வரிசை மரமுளைகள் அடித்து முடித்தால், அவற்றின் நடுவே கடக்குமுன் வலமும் இடமும் பார்த்து நிற்பார்.

ஒரு பனிக்காலையில், குடிசை வாசலில் நின்ற பெண்மணி அதைக் கண்டு சிரித்தாள். "இன்னா சாமி, லாரியா வருது?"

"வரும்மா. உங்க வீடு இருக்கிற எடத்துலதான் வரும்."

அவள் சிரிப்பு நின்றது. "ரோட்ட ஸ்வல்பம் வளைச்சுப் போட்டா லாரி வரமாட்டேன்னுடுமா சாமி?"

 அவர் முளைகளைத் தம் கையாலேயே பிடுங்கி, குடிசையை விலக்கி அடித்தார். மேலிடத்துக்கு என்ன காரணம் எழுதினாரோ, அறியேன். இன்றும் அவ்விடத்தில் பேருந்து திரும்புகையில் பயணிகள் ஒருசேரச் சாய்கின்றனர். இவ்விவரத்தைத் தாங்கள் தங்கள் ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வைக்குமாறு வேண்டுகிறேன்.