லூப் போட்ட கை

இதைச் சொன்னால் என் கணவரே சிரிக்கிறார். சிரிக்கட்டும். அன்றைக்கு அந்த போனைக் காதில் வைத்திருந்தது அவரா, நானா? இன்றைக்கும் குதிரைக்கறியைப் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. குதிரைக்கறிதான் பெரிய விருந்து என்று நினைக்கும் ஒரு கசாக் வீட்டுப் பெண்ணுக்கு இதைவிட அவமானம் கிடையாது. நடக்காத ஒன்றுக்காக யாராவது இப்படிக் கறியைத் தொடாமல் கிடப்பார்களா?

கசகஸ்தானில், கரகண்டா பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கம். ஜனவரி மாதம், திங்கட்கிழமை, வெளியே மைனஸ் இருபத்தெட்டு. எங்கள் கட்டடத்திலிருந்து முப்பத்தொரு கிலோமீட்டர் தள்ளி, சுரங்கத்தின் காற்றுக்குழி மேல் ஒரு தகரக் கொட்டகை. அங்கே விஷவாயுவை அளக்கும் கருவி இருக்கிறது. அதன் எச்சரிக்கை எங்களுக்கு வந்துசேர ஒரு புது நெட்வொர்க் லைன் போட்டிருந்தார்கள். அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். போட்டால்தான் மறுநாள் காலை ஆறு மணிக்கு இருநூறு பேர் கீழே இறங்குவார்கள்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. என் மேஜைமேல் இருக்கும் கருவி, நிமிடத்துக்குப் பத்து லட்சம் என்று எண் போட்ட தரவுப் பொட்டலங்களை ஒரு போர்ட் வழியாக, அதாவது ஒயர் செருகும் துளை வழியாக, அனுப்பும். அந்த முனையில், கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் போலத் அண்ணன், அங்குள்ள நெட்வொர்க் பெட்டியின் இரண்டு போர்ட்டுகளையும் ஒரு குட்டை ஒயரால் இணைப்பார். அதுதான் லூப். போனதெல்லாம் அப்படியே திரும்பி வரும். எத்தனை வந்தன, எத்தனை தொலைந்தன என்று இரண்டு மணி நேரம் எண்ண வேண்டும்.

எங்கள் ஆட்களில் எவனும் எண்ணுவதில்லை. பழைய லைனின் தாளை எடுத்துத் தேதியை மாற்றுவார்கள். அந்த முனைக்காரரின் கையெழுத்தையும் இவர்களே போட்டுக்கொள்வார்கள். மேலாளர் கென்னதி அன்றைக்கும் மதியமே தாளை நீட்டினார்.

“சவுலே, கீழ ஒரு கிறுக்கு கிறுக்கிட்டு டீ குடிக்க வாம்மா.”

“உங்க மகன் கீழ எறங்குறான்னா கிறுக்கச் சொல்வீங்களா, சார்?”

“ஊர்லயே நீ ஒருத்திதான் யோக்கியம்!”

கதவை அறைந்துவிட்டுப் போனார். அந்த மனிதரின் நாற்றம் பிடித்த வேலை எனக்கு அருவருப்பாக இருந்தது.

2:10. கொட்டகைக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“அண்ணே, லூப் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

சளக்... சளக்...

போலத் அண்ணனின் கேடுகெட்ட பழக்கம் அது. கொழுப்பு வழியும் குதிரைக்கறியை மென்றுகொண்டேதான் போன் பேசுவார்.

“வாயை மூடிட்டு மெல்லுங்கண்ணே. கருமம்!”

மற்ற நாளாக இருந்தால் இன்னும் சத்தமாக மென்று, “உனக்கும் ஒரு துண்டு அனுப்பவா, தங்கச்சி?” என்பார். அன்றைக்கு மென்றுகொண்டே இருந்தார்.

2:40. போனது பத்து லட்சம். வந்தது பத்து லட்சம். ஒன்றுகூடத் தொலையவில்லை.

3:15. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சளக்... சளக்... ஒரு மணி நேரமாகவா ஒருத்தர் தின்பார்? எனக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த மாதிரி.

“அங்க குளிர் எப்படிண்ணே?”

“குளிர் இல்ல.”

அப்போதுதான் கவனித்தேன். அவர் பேசும்போதும் மெல்லும் சத்தம் நிற்கவில்லை.

3:50. இப்போது ஒரு வாய் இல்லை. ஐந்து... ஆறு... சின்னச் சின்ன வாய்கள், அவசர அவசரமாக.

4:05. எண் சரிந்தது. போனது பத்து லட்சம். வந்தது ஆறு லட்சம்.

“அண்ணே! லூப் கழண்டுடுச்சா?”

“கையால... பிடிச்சிருக்கேன்.”

“ஒயர் என்னாச்சு?”

“வழுக்குது, தங்கச்சி... தோலு...”

நான்கு லட்சம்.

ஒரு லட்சம்.

சளக் சளக் சளக்...

4:09. “தொலைஞ்சதுன்னு எழுது.”

பூஜ்யம்.

குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தேன். பிறகு ‘லைன் தேறவில்லை’ என்று எழுதிச் சுரங்க அதிகாரியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காலை ஷிப்ட் நின்றது. கென்னதி என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அதற்கப்புறம் அண்ணன் போனை எடுக்கவே இல்லை என்று, மறுநாள் பழுது பார்க்கும் விதாலியும் டாக்டரும் கொட்டகைக்குப் போனார்கள். வாயுக் கருவியின் முள் கடைசிச் சிவப்பில் நின்றதாம். நான் கிறுக்கியிருந்தால் இருநூறு பேரும் அந்த வாயுவுக்குள்தான் இறங்கியிருப்பார்கள்.

போலத் அண்ணன் தரையில் கிடந்தார். அடுப்புப் புகையில் மூச்சு முட்டியிருக்கிறது. செத்தது போன வியாழக்கிழமையே என்றார் டாக்டர். கொட்டகை முழுக்க எலிகள். முகம் என்று ஒன்றும் மிச்சம் இல்லை. பக்கத்தில் போன் ரிசீவர் கிடந்தது.

கென்னதி மதியம் நீட்டிய தாளில் போலத்தின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. திங்கட்கிழமை தேதி போட்டு.

குட்டை ஒயர் மேஜைமேல், பிரிக்காத பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தது. அவருடைய வலது கையில் இரண்டு விரல்களைக் காணோம். எலி தின்றிருக்கும் என்று டாக்டர் எழுதிவிட்டார்.

பெட்டியைக் கழற்றிய விதாலி அன்றே வேலையை விட்டான். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னான். விரல்கள் பெட்டியில்தான் இருந்தன. இந்தப் போர்ட்டில் ஒன்று... அந்தப் போர்ட்டில் ஒன்று.