தண்ணீர்ப் பை என் முதுகில்

யூட்டாவில் ஒரு பள்ளத்தாக்கின் நடுவழியில் என் கணவர் என்னைத் தண்ணீர் இல்லாமல் விட்டுவிட்டு மேலே ஏறிப் போனார். அதைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன். திரும்பி வந்து அதை வீடு வீடாகப் பகிடியாகச் சொல்லித் திரிந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பிள்ளைகள் இருவரும் படிக்கவும் வேலைக்குமாக வீட்டை விட்டுப் போன பிறகு தொடங்கிய பழக்கம் இந்தக் கூடாரப் பயணம். மொன்றியலின் மேற்கு ஓரம் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். இவரோடு களஞ்சியத்தில் வேலை செய்யும் ஒருவர் தன் பழைய கூடாரத்தைக் கொடுத்தார். முதல் கோடையில் பக்கத்து ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்கிப் பார்த்தோம். அடுத்த வருடம் இவருக்கு ஆசை பெருத்துவிட்டது. செப்டெம்பரில் மூன்று கிழமை லீவு எடுத்துக்கொண்டு, மொன்றியலிலிருந்து நாலு நாள் கார் ஓடி, அமெரிக்காவின் மேற்கே பாலைவனத்துக்கே போய்ச் சேர்ந்தோம்.

எனக்கும் அது பிடித்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். செம்மண் தூள் கூடாரத்துக்குள் வந்து போர்வையில் படியும். காற்று அடிக்கும்போது காஸ் அடுப்பைச் சுற்றிச் சாமான் பெட்டிகளை அடுக்கி மறைத்துச் சோறு காய்ச்சுவேன். தகரத்தில் அடைத்த மீன் ரின் ஒன்றை உடைத்து வெங்காயம், மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டினால் பக்கத்துக் கூடாரக்காரர்கள் மூக்கை உயர்த்திப் பார்ப்பார்கள். அங்கே ஒருவரும் எங்களை அறியார். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனிதர், அங்கே பாறைகளைக் காட்டிக் காட்டிக் கதைப்பார்.

மூன்றாவது வருடப் பயணத்தில்தான் அது நடந்தது. காலையில் பள்ளத்தாக்கின் அடிவரைக்கும் இறங்கினோம். இறங்குவது சுகம். ஏறும்போதுதான் மலை தன் குணத்தைக் காட்டும். பின்னேரம் இரண்டு மணி வெயிலில், பாதி ஏறியதும் என் வலது கெண்டைக்கால் இறுகிக்கொண்டது. ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் முழுவதும் இவர் முதுகிலிருந்த பையில். என் கையிலிருந்த போத்தலில் ஒரு மிடறுதான் மிச்சம்.

"நீர் ஆறுதலா வாரும். நான் மேல போய் வெளிச்சம் போக முன்னம் படம் எடுக்கிறன்" என்றார்.

அவர் பத்து அடி போன பிறகுதான் எனக்குப் பை நினைவு வந்தது.

"இஞ்சருங்கோ, தண்ணியைத் தந்திட்டுப் போங்கோ!"

அவர் திரும்பாமலே கையை உயர்த்தி ஆட்டினார். வளைவில் மறைந்தார்.

எழுபது நிமிடம் அங்கே இருந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தபடிதான் இருந்தேன், அதனால் தெரியும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு கட்டத்தில் அழுதேன். பிறகு கண்ணீர் வருவதும் நின்றுவிட்டது. ஊன்றுகோல்களோடு ஏறி வந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி என்னைப் பார்த்ததும் நின்றாள். ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீரைத் தந்தாள். உப்புப் பிஸ்கட் தந்தாள். என் வேகத்துக்கே நடந்து என்னை உச்சிவரை கூட்டிவந்தாள்.

மேலே வாகனத் தரிப்பிடத்தில் இவர் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனப்பா இவ்வளவு நேரம்? நல்ல வெளிச்சமெல்லாம் போட்டுது."

மூதாட்டி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அந்த மார்கழியில், புரோசார்ட்டில் எங்கள் நண்பர் வீட்டு மதியச் சாப்பாட்டில், இவர் முதல் முறையாக அந்தக் கதையைச் சொன்னார். என்னைப் போலவே குரலை மெல்லிசாக்கி, சோபாவின் கையைக் கட்டிப்பிடித்து, "ஐயோ என்ர அம்மா, என்னை இதில விட்டிட்டுப் போகாதேங்கோ" என்று அழுது காட்டினார். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பின்னே என்ன செய்வது?

இரண்டாம் முறை சொன்னபோது, நான் ஒரு அணிலைக் கண்டு பயந்து கத்தினேன் என்று சேர்த்தார். மூன்றாம் முறை அந்த அணில் என் தொப்பியைப் பறித்துக்கொண்டு ஓடியது. மூதாட்டி என்னைக் குழந்தைப்பிள்ளை மாதிரித் தூக்கி வந்ததாகவும் ஒருமுறை சொன்னார். கதை வளர வளர ஒன்று மட்டும் அதில் வரவேயில்லை. தண்ணீர் யார் முதுகில் இருந்தது என்பதை அவர் ஒரு வீட்டிலும் சொல்லவில்லை.

அன்று நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டதா, கேட்கவில்லையா? அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கேட்காமலே அவருக்குத் தண்டனை கொடுக்க முடிவெடுத்தேன்.

நான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க நின்று, உருளைக்கிழங்குப் பெட்டி தூக்கும் உடம்பு என்னுடையது. அது போதாது என்று அந்தக் குளிர்காலம் முழுவதும் மெத்ரோவில் நகரும் படியை விட்டுவிட்டுக் கல்படியில் ஏறினேன். பனி உருகியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நகர நடுவே இருக்கும் மலையின் படிக்கட்டு. முதல் நாள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். ஆனி மாதத்தில் நிற்காமல் ஏறினேன். ஒவ்வொரு படியிலும் அவர் சோபாவைக் கட்டிப்பிடித்து அழுத குரல் என் காதில் கேட்டது. அதைப்போல உற்சாகம் தருவது வேறொன்றுமில்லை.

அவருக்கோ வயிறு வைத்துவிட்டது. இடது முழங்கால் நோகிறது என்பதை ஒருவருக்கும் தெரியாமல் குளியலறையில் எண்ணெய் பூசி மறைத்தார். வாசம் எனக்கு வரும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இந்த முறையும் அந்தப் பள்ளத்தாக்குக்கே போவம். நான் ஒழுங்கா ஏறிக் காட்டவேணும்" என்றேன்.

"அணிலுக்குப் பயமில்லையோ?" என்று சிரித்தார். அவருக்குப் புதுக் கதை ஒன்று கிடைக்கப் போகிற சந்தோஷம்.

அதே பாதை, அதே செப்டெம்பர் வெயில். வாகனத்திலிருந்து இறங்கியதும் தண்ணீர்ப் பையை நான் மாட்டிக்கொண்டேன்.

"விடுமப்பா, பாரம்."

"பரவாயில்லை, நான் தூக்கிறன்."

ஒரு போத்தலை மட்டும் அவர் கையில் கொடுத்தேன். கீழே போய்ச் சேரும்போதே அதை அவர் முடித்துவிட்டார். நிரப்பித் தரச் சொன்னார். பாதி நிரப்பிக் கொடுத்தேன். ஏறத் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் அவர் நடை மாறியது. இடது காலை இழுத்து வைத்தார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் பொறும். கால் ஏலாமக் கிடக்கு."

"நீங்கள் ஆறுதலா வாங்கோ. நான் மேல போய்ப் படம் எடுக்கிறன்."

இந்த வசனத்தை எத்தனை மாதமாக வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்! இரண்டு வளைவு ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் அவர் உட்கார்ந்திருந்த இடம் தெரிந்தது. ஒரு பாறையில் சாய்ந்துகொண்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். எழுபது நிமிடம் என்பது என் திட்டம்.

அவர் என்னைக் கூப்பிட்டார். குரல் மேலே வந்தது, தெளிவாகவே கேட்டது. நான் கையை உயர்த்தி ஆட்டவுமில்லை. பையைத் திறந்து, குளிர் குறையாத தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்தேன். பொய் சொல்ல விருப்பமில்லை: அவ்வளவு இனிப்பான தண்ணீரை நான் என் வாழ்க்கையில் குடித்ததில்லை.

நாற்பதாவது நிமிடமளவில் ஓர் இளம் சோடி கீழிருந்து ஏறி வந்தது. அவர்கள் இவரிடம் நின்று கதைத்ததையும், போத்தலை நீட்டியதையும், இவர் தலையாட்டி மறுத்ததையும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் அந்த மூதாட்டியிடம் வாங்கிக் குடித்தேன். இந்த மனிதருக்கு அதுகூட முடியவில்லை.

அந்தப் பெண் என் அருகில் வந்ததும் ஆங்கிலத்தில் கேட்டாள். கீழே ஒருவர் இருக்கிறார், தனக்கு ஒன்றுமில்லை என்கிறார், ஆனால் பார்க்க நல்லாயில்லை, நீங்கள் அவரோடு வந்தவரா?

"இல்லை" என்றேன்.

அவர்கள் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றேன். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதரை யாரென்று தெரியாது என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் குரல் நடுங்காமல். அவரை நினைத்து வராத பயம், என்னை நினைத்து வந்தது. மணிக்கூட்டில் இன்னும் எழுபது ஆகவில்லை. ஐம்பதுதான். இறங்கினேன்.

அவர் முகம் சிவந்து, உதடு வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் கண்ணை மூடித் திறந்தார்.

"எங்கையப்பா போனனீர்?"

"மேல. படம் எடுக்க."

பையைக் கொடுத்தேன். குடித்தார். சட்டையில் ஊற்றிக்கொண்டார். திரும்பவும் குடித்தார். மூச்சு ஒழுங்கானதும் என் முகத்தையே பார்த்தார். அவர் மடையர் இல்லை. விளங்கிவிட்டது.

"வேணுமெண்டுதானே செய்தனீர்?"

"ஓம்."

"செத்துப் போயிருப்பன்."

"நானும்தான்."

இனிக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"அண்டைக்கு நான் தண்ணிக்குக் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டதோ?"

கல்லைப் பார்த்தார். காலைத் தடவினார்.

"கேட்டது."

"பேந்து?"

"திரும்பி இறங்கப் பஞ்சியா இருந்தது."

பஞ்சி! கோபத்தில் செய்தார், மறதியில் செய்தார் என்று எத்தனையோ காரணம் நானாக அவருக்காகத் தேடிவைத்திருந்தேன். பத்து அடி இறங்கச் சோம்பல், அவ்வளவுதான். எழும்பிப் பையை மாட்டினேன். அவருக்கு ஏற்ற வேகத்தில் முன்னால் நடந்தேன். கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். கை கொடுக்கவில்லை. உச்சிக்கு வர மூன்று மணித்தியாலம் எடுத்தது. அந்தச் சோடியிடம் நான் சொன்ன 'இல்லை'யை இதுவரை அவருக்குச் சொல்லவில்லை.

மொன்றியலுக்குத் திரும்பும் நாலு நாளில் முக்கால்வாசி வழி நான்தான் ஓட்டினேன். அவர் முழங்காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

அதே புரோசார்ட் வீட்டில், தங்கள் மகனின் பட்டமளிப்புக்காக மதியம் சாப்பாடு வைத்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் ஒருவர் இவரைப் பார்த்து, "என்ன அண்ணை, இந்த முறை அணில் என்ன செய்தது?" என்று தூண்டினார். இவர் வாயைத் திறக்க முன்னம் நான் தொடங்கினேன்.

அவர் இருந்த மாதிரி இருந்து காட்டினேன். காலை இழுத்துக் காட்டினேன். வெள்ளைக்காரப் பெட்டை தண்ணீர் நீட்ட, "ஐ ஆம் ஃபைன், ஐ ஆம் ஃபைன்" என்று தலையாட்டியதையும் ஒன்றுவிடாமல் செய்தேன். எனக்கே தெரியாத நடிப்பு எனக்குள் இருந்திருக்கிறது. கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. இவர் கோப்பைகளைச் சேர்த்துக்கொண்டு எழும்பிப் போனார். அந்த முதுகைப் பார்த்தபோது வயிறு குளிர்ந்தது.

பிறகு குசினியில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது, அந்த வீட்டுக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். எல்லோரும் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். தண்ணி உங்களிட்டத்தானே இருந்தது?"

குழாயை மூடினேன்.

"ஓம்."

"போன முறை அவரிட்ட இருந்ததோ?"

"ஓம்."

கூடத்தில் அவள் கணவர் தேத்தண்ணி எங்கே என்று சத்தம் போட்டார். அவள் மனைவியாக வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தைத்தான் நாங்கள் எல்லோரும் கேட்டுப் பழகியிருக்கிறோம். கேத்தலை எடுத்துக்கொண்டு போனாள்.

இவர் அதற்குப் பிறகு அந்தக் கதையை எங்கும் எடுக்கவில்லை. நானும் இரண்டாம் முறை சொல்லவில்லை. பயணம் மட்டும் நிற்கவில்லை. போன வருடமும் போனோம். நடக்காமல், வாகனத்தில் போய்ப் பார்க்கக்கூடிய இடங்களுக்கு. இவர் என்னை 'நீர்' என்று கூப்பிடும் தொனி கொஞ்சம் மாறியிருக்கிறது. அது மரியாதையா பயமா என்று நான் ஆராயவில்லை. இரண்டும் எனக்குச் சம்மதம்.

இந்தச் சித்திரையில் ஒரு ஞாயிறு காலை புரோசார்ட்டிலிருந்து அந்த வீட்டுக்காரியின் தொலைபேசி வந்தது. இவர் எனக்கு எதிரே இருந்து பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாங்களும் அந்தப் பக்கம் ஒருக்காப் போகலாமெண்டு யோசிக்கிறம். எந்த மாதம் நல்லது?"

"செப்டெம்பர் முதல் கிழமை" என்றேன். "வெக்கை இன்னும் மிச்சம் இருக்கும்."

"எங்கட இவர் நடப்பாரோ தெரியாது."

"இறங்கேக்க ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது."

எதிரே இருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவளைப் பேனை எடுக்கச் சொல்லிவிட்டு, பாதையின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லத் தொடங்கினேன்.