கொட்டிப் பார்க்காத மூட்டை

காலை 6.10. அரக்கோணம்.

ரயில் வருவதற்கு முன்னால் மழை வந்துவிட்டது. காட்பாடிக்கு டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய், தூரம் அறுபத்தொரு கிலோமீட்டர். டிக்கெட் வாங்கும் இடத்திலிருந்து நடைமேடைக்குப் படியேறி இறங்கவேண்டும். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. வலது முழங்கால் மட்டும் எழுபதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு படிக்கும் அதைத் திட்டிக்கொண்டே ஏறினேன். திட்டினால் வலி குறைகிறதோ இல்லையோ, மனசு ஆறுகிறது.

வேலூரில் பாகாயத்தை ஒட்டிய ஓர் உணவு ஆய்வுக்கூடத்தில் நான் டெக்னீஷியன். வீடு வீடாகப் போய் வேர்க்கடலை வாங்கிவந்து, அதில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும், அது விட்டுவிட்டுப் போகும் நஞ்சு தெரியாது. அஃப்ளடாக்சின் என்று பெயர். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. அது பிடிப்பது ஈரலை. ஏற்கெனவே ஹெபடைடிஸ் பி உடம்பில் இருப்பவர்களுக்கு அது இன்னும் பொல்லாதது.

காலை 8.05. பாகாயம்.

காட்பாடியிலிருந்து டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உட்கார இடமும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் பைகள், தராசு, விரித்துக் கொட்டுவதற்குப் பிளாஸ்டிக் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். எங்கள் டாக்டர் வாசல்வரை வந்தார். ஆராய்ச்சிக்குப் பொறுப்பு அவர்தான். அதிர்ந்து பேசாத மனிதர்.

“துத்திப்பட்டுல எடுத்த பதினாறு வீடும் சுத்தம்னு வந்திருக்கும்மா. மழைக்காலத்துல பதினாறும் சுத்தமா இருக்குமா? எனக்கு நம்பிக்கை வரல. ஒரு வீட்டுலயாவது மறுபடி எடுத்துட்டு வாங்க” என்றார். பிறகு, “போன தடவ முறைப்படிதானே எடுத்தீங்க?” என்று கேட்டார்.

“ஆமா சார்” என்றேன்.

அது பொய். முறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மூட்டையில் நஞ்சு ஒரே சீராகப் பரவியிருக்காது. ஆயிரம் பருப்பு நல்லதாக இருக்கும், ஒன்றில் மொத்தமும் உட்கார்ந்திருக்கும். அதனால் மூட்டையை முழுதாகக் கொட்டவேண்டும். கலந்து, குவித்து, குவியலை நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு கூறுகளை மட்டும் எடுத்து, மறுபடி கலந்து, மறுபடி நாலாக்கி, கடைசியில் மிஞ்சுவதைத்தான் பையில் போடவேண்டும். குனிந்து நிமிர்ந்து ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். போன முறை, ஆம்பூரை ஒட்டிய அந்தத் துத்திப்பட்டில், ஸ்டெல்லா என்பவள் வீட்டில் நான் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். அவள் கொடுத்த அரைக்கிலோவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்டெல்லாவின் கணவர் சாமுவேலுக்கு ஹெபடைடிஸ் பி. முடிவு வந்ததும் நானே போன் செய்து, “ஒண்ணும் இல்லம்மா, தாராளமா சாப்பிடச் சொல்லு” என்று சொல்லியிருந்தேன். சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. டாக்டர் ஒரு வீடு என்றதும் எனக்கு வேறு எந்த வீடும் ஞாபகத்துக்கு வரவில்லை.

காலை 9.20. வேலூர் – ஆம்பூர்.

ஐம்பது கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய். ஜன்னல் கண்ணாடி மூடவில்லை, பாதி மழை என் மடியில். பள்ளிகொண்டா தாண்டியதும் பக்கத்தில் இருந்த அம்மாள் என் தராசைப் பார்த்து விசாரணையைத் தொடங்கினாள். வாணியம்பாடிக்குப் போகிறவள்.

“இன்னா வியாபாரம்?”

“வியாபாரம் இல்லம்மா. வேர்க்கடலைல பூஞ்சை இருக்கான்னு பாக்கறோம்.”

“பூஞ்சைய பாக்கறதுக்கு சம்பளமா? எங்க வூட்டுக்கு வாங்க, செவுரு பூரா இருக்கு. ப்ரீயா பாத்துக்கலாம்.”

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? மாதனூர் வந்தபோது கண்ணை மூடினேன். திறந்தபோது தோல் பதனிடும் வாடை மூக்கில் ஏறியிருந்தது. ஆம்பூர் வந்துவிட்டது என்று கண்டக்டர் கூவவேண்டிய அவசியமே இல்லை.

காலை 10.50. துத்திப்பட்டு.

ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். வழியெல்லாம் பள்ளம், பள்ளமெல்லாம் தண்ணீர். “இந்த மழைல வண்டி ஓட்றது பேஜாரு, அக்கா. ஷூ கம்பெனிங்களும் பாதி நாள் லீவு, சவாரி ரொம்ப கம்மி” என்றார் ஓட்டுநர். வெளிநாட்டு ஆர்டர் குறைந்துவிட்டதாம். வழக்கமாக இந்த நேரத்தில் காலியாகக் கிடக்கும் தெருவில் அன்று பெண்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டெல்லாவுக்கும் லீவு. ஷூ கம்பெனியில் பதினான்கு வருஷமாகச் செக்கிங் வேலை. பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு ஜோடியையும் திருப்பிப் பார்த்து, தையல் பிசகோ, புள்ளியோ, பூஞ்சையோ இருந்தால் எடுத்து ஓரம் வைக்கிறவள்.

“ஐயோ மேடம், இன்னா இப்டி நனஞ்சிட்டு வர்றீங்க? ஒரு போன் போட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே இவரு வண்டிய எடுத்துட்டு வந்திருப்பேனே!” என்று துண்டை நீட்டினாள்.

சாமுவேல் எழுந்து நாற்காலியை எனக்குத் தள்ளினார். தோல் பதனிடும் ஷெட்டில், தோலைப் போட்டுச் சுற்றும் டிரம்மை ஓட்டியவர். உடம்பு தாங்காமல் ஆறு மாதமாக வேலைக்குப் போவதில்லை. போன முறை பார்த்ததைவிட இளைத்திருந்தார். நோயால்கூட இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன்.

நான் வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள். “நீங்க திரும்ப வருவீங்கன்னு தெரியும். உங்களுக்குன்னே பொறுக்கி வச்சிருக்கேன்.”

திறந்தேன். அரைக்கிலோ பருப்பு. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒன்றில்கூடத் தோல் உரியவில்லை, சுருக்கம் இல்லை. நகைக் கடையில் மணி பொறுக்கியதுபோல இருந்தது.

“போன தடவையும் இப்படிப் பொறுக்கித்தான் குடுத்தியா?”

“பின்ன? ரெண்டு நாளு ஒக்காந்தேன் மேடம். வெளிய போற பொருளு, ஒரு புள்ளி இருந்தாலும் எனக்குக் கை ஓடாது. கம்பெனில பழகிடிச்சு. நம்ம வூட்டு மானம் இல்லையா?”

“பொறுக்கினது போக மிச்சம்?”

“அது வூட்டுக்கு.”

அவள் சொன்ன விதத்தில் ஒரு சங்கடமும் இல்லை. “அத எடுத்துட்டு வாம்மா” என்றேன்.

அடுப்பு மேடைக்குக் கீழிருந்து ஓர் எவர்சில்வர் தூக்கு வந்தது. சுருங்கியவை, உடைந்தவை, நிறம் மங்கியவை. சிலவற்றின் பிளவில் பச்சையும் மஞ்சளுமாகப் பொடி ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்ததுமே நாட்பட்ட ஈரத்தின் நாற்றம். ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகாமலே எனக்குப் புரிந்துவிட்டது.

“பூஞ்சை இருக்கறத துணியால தொடச்சிடுவேன்” என்று ஸ்டெல்லா விளக்கினாள். “மழைக்காலத்துல பெட்டில ஷூவுக்கே பூஞ்சை புடிக்கும் மேடம். தொடச்சுக் காய வச்சா புதுசு மாதிரி ஆயிடும். இதையும் அப்டித்தான் தொடச்சு, வறுத்து, அவருக்குத் தெனமும் சட்னி அரைக்கறேன். ஆஸ்பத்திரி டாக்டரு புரோட்டீன் சாப்புடச் சொன்னாரு இல்ல?”

“கொஞ்சம் கசக்கும்” என்றார் சாமுவேல் சிரித்தபடி. “மொளகா ஜாஸ்தி போட்டா தெரியாது.”

பகல் 11.30. அதே வீடு.

மூட்டையைக் கொட்டலாம் என்றேன். ஸ்டெல்லாவின் அண்ணன் மாதனூர்ப் பக்கத்தில் பயிர் வைப்பவர். அறுவடைக்கு ஒரு மூட்டை அனுப்புவாராம். அது தகரக் கூரை ஒழுகும் மூலையில் சுவரோடு சாய்ந்து நின்றது. ஸ்டெல்லாவும் நானும் இழுத்து வந்தோம். சாமுவேல் கை கொடுக்க வந்தார், இரண்டு பேரும் ஒரே குரலில் “வேணாம்” என்றோம். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

தாளை விரித்துக் கொட்டினேன். மூட்டையின் அடிப்பாகம் கட்டியாக விழுந்தது. தூக்கில் இருந்ததை அதோடு கலக்கவில்லை. தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதினேன். குவித்தேன், நாலாகப் பிரித்தேன், எதிரெதிர்க் கூறுகளை எடுத்தேன். முட்டி போட முடியாமல் ஒரு பலகையில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து செய்தேன். மறுபடி குவியல், மறுபடி நாலு.

பாதியில் பக்கத்து வீட்டு நூர்ஜகான் எட்டிப் பார்த்தாள். ஆடு வளர்ப்பவள். தாளில் கிடந்த கட்டிகளைக் காட்டி, “இத குப்பைல கொட்டப் போறியா ஸ்டெல்லா? குடுத்துடு, ஆட்டுக்குப் போட்றேன்” என்றாள்.

“ஆட்டுக்கும் ஆகாதும்மா. ஈரலைக் கெடுத்துடும்” என்றேன்.

“ஆட்டுக்கே ஆகாதா?” என்று அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

என்னோடு சேர்ந்து கூறு பிரித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா கையை நிறுத்தினாள். அதுவரை நான் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆடு எனக்கு முந்திக்கொண்டது. அவள் தூக்கைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள்.

“அப்ப நல்லத எல்லாம் உங்களுக்குக் குடுத்துட்டு, ஆட்டுக்கு ஆகாதத நானே பொறுக்கிப் பொறுக்கி இவருக்கு ஊட்னேனா மேடம்?”

நூர்ஜகான் உள்ளே வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். சாமுவேல், “தே, அழுவாத. நான்தானே ருசியா இருக்குதுன்னு இன்னும் கொஞ்சம் வையின்னு கேட்டு வாங்குனேன்” என்றார். தேற்றுவதற்காகச் சொன்னதுதான். அதைக் கேட்டபிறகுதான் ஸ்டெல்லா வாய்விட்டு அழுதாள்.

சாப்பிட்டதெல்லாம் நோயாகிவிடும் என்றில்லை, உடனே நிறுத்தினால் நல்லது, ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லி ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் தன்னைத்தானே அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு அந்த உண்மைகளோடு நழுவிப் போய்விட எனக்கு மனசு வரவில்லை.

“தப்பு உன்னுது இல்ல ஸ்டெல்லா. என்னுது. நீ குடுத்தத வாங்கக் கூடாது, மூட்டையக் கொட்டித்தான் எடுக்கணும். அதான் முறை. கால் வலின்னு நான் கொட்டல. கொட்டாமலே ஒண்ணும் இல்லன்னு போன்ல சொல்லிட்டேன்.”

பின்னால் தோல் ஷெட்டின் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எங்க லைன்ல ஒரு பெட்டியத் தொறந்து பாக்காம பாஸ் போட்டா மெமோ குடுப்பாங்க மேடம்” என்றாள். “உங்களுக்கு யாரு குடுப்பாங்க?”

அதில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மாலை 3.15. ஆம்பூர் – வேலூர்.

மிச்சக் கடலையைக் கொல்லைப்புறத்தில் குழி வெட்டிப் புதைக்கும்வரை இருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள், அந்த நிலையிலும். சாப்பிடாமலே கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு ஏறினேன். அன்று பூராவும் முதல்முறையாக நனையாத ஜன்னலோரம் கிடைத்தது. அதை அனுபவிக்கத் தெம்பு இல்லை. பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடியது.

அரக்கோணத்தில் என் வீட்டிலும் இதே கதைதான். வந்தவர்களுக்கு நல்ல தட்டு, எங்களுக்கு ஓரம் நசுங்கியது. வந்தவர்களுக்கு முழு முந்திரி, எங்களுக்கு உடைசல். யார் வீட்டில்தான் இல்லை? ஏழைபாழை வீட்டில் இது இன்னும் கறாராக நடக்கும். அந்த நல்ல மனசை நம்பி ஆராய்ச்சி செய்யக்கூடாது என்பதற்காகத்தான் யாரோ உட்கார்ந்து முறை என்று ஒன்றை எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். அலுப்பு என்பது பெரிய பாவம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இன்று தெரிந்தது.

பள்ளிகொண்டாவில் பஸ் நின்றபோது எங்கள் டாக்டருக்கு போன் செய்தேன்.

“சார், காலைல கேட்டீங்கல்ல, முறைப்படி எடுத்தீங்களான்னு. இல்ல சார். ஸ்டெல்லா வீட்டுல மூட்டையக் கொட்டல. குடுத்தத வாங்கிட்டு வந்துட்டேன்.”

மறுமுனையில் அவர் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

“ஸ்டெல்லா வீட்டுல மட்டுமாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்று நான் சொல்லவேண்டும் என்பதுபோல் இருந்தது அந்தக் குரல்.

“பதினாறு வீட்டுலயும் சார்” என்றேன்.