ஏழாவது குரல்

காலை 6.40. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறினேன், கட்டணம் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு மலேசிய ரிங்கிட். எதிரே பினாங்குத் தீவு இருப்பதாகச் சொன்னார்கள், நம்பத்தான் வேண்டியிருந்தது. காட்டுத்தீப் புகையும் மூடுபனியும் சேர்ந்து எல்லாவற்றையும் விழுங்கியிருந்தன. நான் தூத்துக்குடிக்காரன். கடலைப் பார்க்காமலே கடலைக் கடந்தது அன்றுதான்.

7.30. தீவிலுள்ள ஜெலுத்தோங்கில் சேகர் அண்ணே மோட்டார் சைக்கிளோடு நின்றார். என் அண்ணனின் நண்பர், தொழிற்சாலை வேலை, லீவு கிடைத்தால் தூண்டில்.

"இந்தப் புகையில போகணுமாண்ணே?"

"மீனுக்கு என்ன புகை? ஏறுங்க லா!" அங்கே பேச்செல்லாம் இந்த 'லா'வில்தான் முடியும்.

பத்து வெள்ளிக்கு உயிர் இறால் வாங்கினோம். நம் ஊர்க் கொடுவாவுக்கு அங்கே சியாகாப் என்று பெயர். அதற்கு இறால் என்றால் உயிராம்.

8.15. பாறாங்கற்களைக் கொட்டிக் கட்டிய அலைத்தடுப்பு. தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று ஆறு பேர், ஐம்பதடிக்கு ஒருவராக நின்றோம். பக்கத்து ஆள் தெரியவில்லை. இப்படிப்பட்ட நாளில் அவர்களுக்கு ஒரு வழக்கம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, முனையில் நிற்பவர் மலாயில் "சாத்து" என்பார், ஒன்று. அடுத்தவர் "டுவா", இரண்டு. ஒரு எண் வராவிட்டால் அந்த ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று அர்த்தம். ஐந்து சேகர் அண்ணே. கடைசி நான், "எனாம்", ஆறு. எண்ணி முடித்ததும் கேலியும் சிரிப்புமாகக் கிடக்கும்.

9.00. "எனாம்" என்று கத்தி வாயை மூடவில்லை. கீழே, கற்களுக்கடியிலிருந்து ஒரு குரல்.

"துஜு."

ஏழு! சிரிப்பு அப்படியே நின்றது. சேகர் அண்ணே தடவித் தடவி என்னிடம் வந்தார்.

"பதில் கொடுக்காதீங்க தம்பி. போன வருஷம் இங்கதான் ஒருத்தர் தண்ணியில விழுந்து செத்தாரு. பேசினா ஆவி கூடவே வந்துரும்."

9.10, 9.20. மறுபடியும் ஆறு, மறுபடியும் "துஜு". ஒவ்வொரு முறையும் குரல் மெலிந்தது. தண்ணீரோ ஏறிக்கொண்டிருந்தது. ஓடிவிடலாமா என்றுதான் யோசித்தேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

9.30. "துஜு" என்றதும் ஒரு இருமல்.

"பேய்க்கு இருமல் வருமாண்ணே?"

"சும்மா இருங்க லா!"

"ஆளு சாகுதுண்ணே!" என்று கத்திவிட்டு உட்கார்ந்தபடியே கற்களில் இறங்கினேன். கழுத்தளவு தண்ணீரில் ஒரு மனிதர். கால் இரண்டு பாறைகளுக்கிடையில் சிக்கியிருந்தது. நான் போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடிவந்தார்கள். ஒருவர் வண்டியிலிருந்து கொண்டுவந்த கடப்பாரையால் கல்லை நெம்பி, அவரை மேலே தூக்குவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

10.20. காதர் பாய், ஆயர் ஈத்தாமில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். விடியும் முன்பே வந்து, வழுக்கி விழுந்து, மயங்கிக் கிடந்திருக்கிறார். நாங்கள் எண்ணும் சத்தத்தில்தான் நினைவு வந்ததாம். விலா அடிபட்டதில் ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது சேகர் அண்ணேயின் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"எண்ணுறவங்க ஆள் குறைஞ்சா தேடுவாங்க, கூடினாலும் தேடுவாங்கன்னு நெனச்சேன் தம்பி. நான் ஏழுன்னு சொன்னதும் ஏன் எல்லாரும் பேச்சை நிறுத்தினீங்க? எனக்குக் காது போயிருச்சோ, செத்துட்டேனோன்னு நெனச்சுட்டேன்."