எண்ணெய் மிதந்த கடல்

கப்பலில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'காது' என்றுதான் கூப்பிட்டார்கள். போருக்கு முன்னால் தையல் மெஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். ஆள் எடுக்க வந்த கடற்படை அதிகாரி இதைக் கேள்விப்பட்டு, அவரை ஒரு ரோந்துக் கப்பலின் அடித்தட்டில், அலமாரி அளவு அறைக்குள் உட்கார வைத்துத் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டார். எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் வருகிறதா என்று தண்ணீரைக் கேட்டுச் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான்.

கடலுக்கடியில் நிசப்தமாக இருக்கும் என்று நினைத்துப் போனவருக்கு முதல் நாளே தலை சுற்றியது. வாணலியில் எதையோ பொரிக்கிற மாதிரி ஓயாத படபடப்பு. கொடுக்கைச் சொடுக்குகிற இறால் கூட்டமாம் அது. விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பொடிசுகள் நீர்மூழ்கியின் சத்தத்தையே அமுக்கிவிடும். போதாததற்குத் திமிங்கிலம் வேறு. கருவி அனுப்புகிற ஒலிக்கு நீர்மூழ்கி மாதிரியே எதிரொலி தரும். மேல் தண்ணீர் சூடாகவும் அடித் தண்ணீர் குளிர்ச்சியாகவும் இருந்தாலோ, சத்தம் நேராக வராமல் வளைந்து போய்விடும். அந்தக் குளிருக்குள் எதிரி பதுங்கிக்கொண்டு, ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால், பக்கத்தில் இருந்தாலும் தெரியாது.

"என்னப்பா கேக்குது?" என்று பேசுகுழாய் வழியாகக் கேப்டன் கேட்பார்.

"இறாலா, திமிங்கிலமா, எதிரியான்னு பிடிபடலைங்க ஐயா."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லுப்பா. மூணுக்கும் குண்டு போட என்கிட்ட சரக்கு இல்லை."

ஒரு மத்தியானம் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நீர்மூழ்கியைத் தள்ளுகிற விசிறி சீராகச் சுழலும் சத்தம். திசையைச் சொன்னார். கப்பலின் பின்பக்கத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் குண்டுகளை உருட்டிவிட்டார்கள். வெடித்தபின் கடல் கலங்கி, கொஞ்ச நேரத்துக்குக் கருவியில் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அதற்குள் மேல்தட்டில் ஒரே ஆரவாரம். தண்ணீரில் எண்ணெய் படர்ந்திருந்தது. சட்டைகள், பலகைத் துண்டுகள் மிதந்தன. கேப்டனே இறங்கி வந்து முதுகில் தட்டினார். காதும் சிரித்தார்.

இரைச்சல் அடங்கியதும் பழக்க தோஷத்தில் மறுபடி ஹெட்போனை மாட்டினார். ரொம்பத் தொலைவில், மெதுவாக, ஏதோ ஒன்று துடித்துத் துடித்து விலகிப் போனது.

"வெடிச் சத்தத்துல காது அடைச்சிருக்கும். உன் நாடித் துடிப்பே உனக்குக் கேக்குது," என்றார் கேப்டன்.

இருக்கலாம் என்று அவருக்கும் பட்டது. ஆனால் சாப்பாட்டு மேசையில் பீரங்கிக்காரர் ஒருவர், "சில பேர் டார்பிடோ குழாய் வழியா எண்ணெயையும் பழைய துணியையும் வெளிய தள்ளிட்டு, செத்த மாதிரி நடிப்பாங்க," என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். காது பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டார். கொன்றோமா இல்லையா? கொல்லாமல் விட்டிருந்தால் நிம்மதிப்படுவதா, பயப்படுவதா?

விடுப்பில் வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலிலேயே நின்றாள். "அண்ணன் போன கப்பலை மூழ்கடிச்சுட்டாங்களாம்," என்றாள்.

அவள் அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். மூழ்கிய இடம் அதே கடல். குண்டு போட்ட சில நாட்களுக்குப் பிறகு. காது எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினார்.

"அப்போ, நீங்க தப்ப விட்டதுதான் அண்ணனைக் கொன்னுச்சா?"

"தெரியலையே. கொன்னுட்டோம்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

அவள் கழுவிய பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

கொஞ்ச நாள் கழித்து, தோல் உரிந்து, உதடு வெடித்து, மச்சான் உயிரோடு வந்து நின்றார். தங்கை அழுது முடிக்கிற வரை காத்திருந்துவிட்டு, "எங்க கப்பலை அடிச்ச நீர்மூழ்கியே மேல வந்துச்சு மாப்பிள்ளை," என்றார். "படகுல கிடந்த எங்களுக்கு ஒருத்தன் தண்ணியும் ரொட்டியும் குடுத்தான். கரை எந்தப் பக்கம்னு கையைக் காட்டினான். அவன் கையில கட்டு. அந்த நீர்மூழ்கியோட ஒரு பக்கம் நசுங்கி எண்ணெய் ஒழுகிட்டிருந்துச்சு."

காது தயங்கித் தயங்கித் தன் கதையைச் சொன்னார். கேட்டு முடித்ததும் மச்சான் சொன்னார்:

"நீ அவனைக் கொன்னிருந்தா எங்காளுங்க பாதிப் பேரு செத்திருக்க மாட்டாங்க. ஆனா அவன் குடுத்த ரொட்டியைத் தின்னுட்டுத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன். என்கிட்ட நியாயம் கேக்காத மாப்பிள்ளை, எனக்கே ஒண்ணும் புரியலை."

"அதே நீர்மூழ்கிதானா?"

"அதை யாரு கண்டா!"

போர் முடிந்ததும் காது நகரக் குடிநீர் வாரியத்தில் சேர்ந்தார். தெருவில் இரும்புக் கம்பியை ஊன்றி, அதன் முனையில் காதை வைத்து, பூமிக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று சொல்கிற வேலை. அவர் காட்டுகிற இடத்தில் ஆட்கள் தோண்டுவார்கள். "நீங்க கிளம்புங்கண்ணே, நாங்க பாத்துக்கறோம்," என்று மேஸ்திரி எத்தனை முறை சொன்னாலும் போக மாட்டார். குழாய் தெரிந்து, தண்ணீர் பீறிட்டு வருவதைத் தன் கண்ணால் பார்க்கிற வரைக்கும் பள்ளத்தின் ஓரத்திலேயே நிற்பார். பிறகு நனைந்த கால்சட்டையோடு வீட்டுக்கு நடப்பார்.