என் மூக்கை நம்பியவர்

பாக்கெட்டில் தேதி தாண்டிவிட்டது என்பதற்காக நான் எதையும் கொட்டியதில்லை. "தேதி கம்பெனிக்காரன் போடுறது, மூக்கு கடவுள் கொடுத்தது" என்று எல்லோரிடமும் வாய் கிழியப் பேசுவேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் பாலோ தயிரோ, நான் முகர்ந்து பார்த்துச் சொன்னால்தான் அப்பா தொடுவார். அந்தப் பெருமையில்தான், கொரோனா காய்ச்சலோடு போன வாசனை எனக்குத் திரும்பி வரவேயில்லை என்பதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

அன்று ஃபிரிட்ஜில் தேதி தாண்டிய பனீர் இருந்தது. பழக்கத்தில் முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. மசாலா செய்து அப்பாவுக்குப் போட்டேன். அவர் சாப்பிட்டு எழுந்த நேரத்தில் வேலையிலிருந்து வந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன இது, வீடே இப்படி நாறுது?"

அப்பாவுக்குச் சர்க்கரையில் ஏற்கெனவே தளர்ந்துபோன உடம்பு. அன்று ராத்திரி தொடங்கிய வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ காவிரிப் பாலத்தில் போகும்போது, "உங்களுக்கு நாத்தம் தெரியலையாப்பா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதும்மா. நீ மோந்து பாத்துட்டுத்தானே போட்டிருப்பே? என் மூக்குலதான் ஏதோ கோளாறுன்னு சாப்பிட்டேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பி வரவில்லை.

இப்போது நான் தேதியைத்தான் பார்க்கிறேன். தினமும் அப்பா படத்துக்கு ஊதுவத்தி ஏற்றுகிறேன். புகை மட்டும் தெரிகிறது.