விக்னேஸ்வரன் அண்ணாச்சியின் நெற்றிக்காசு

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என் செல்போன் கடை. அதில் பாதி மேசையை வளைத்துக்கொண்டு விக்னேஸ்வரன் அண்ணாச்சி எரர் காயின், அதாவது அச்சுப் பிழையோடு வந்த காசு பார்த்து விலை சொல்வார். பட்டாளத்தில் இருந்தவர், தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். யூடியூப் பார்த்துவிட்டு, தேய்ந்த காசுக்கு லட்சம் கேட்பவர்களிடம், "இதுக்கு ஒரு டீகூட வராது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

அவரிடம் ஒரு ஒற்றை ரூபாய் உண்டு. அச்சு நகர்ந்து விழுந்ததில் ஓரம் பிறைபோல் வெறுமையாக இருக்கும். நல்ல விலைக்குக் கேட்டும் கொடுக்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். "அச்சு இப்படி ஒருக்காதான் தவறும். இதே மாதிரி இன்னொண்ணு வந்தா, ரெண்டுல ஒண்ணு போலி" என்பார்.

போன மாசியில், சுடுகாட்டில் வேலை பார்க்கும் சிவனாண்டி ஒரு ரூபாயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். செத்தவர் நெற்றியில் ஒட்டுகிற காசு அவருக்குத்தான் போகும். அதில் சந்தனம் இன்னும் காயவில்லை. ஓரத்தில் அதே பிறை.

அண்ணாச்சி சட்டைப்பைக்குள் கைவிட்டார். அவர் காசு அங்கேயே இருந்தது.

இரண்டையும் எடை போட்டார், லென்சில் பார்த்தார். சட்டைப்பையில் அவர் வீட்டுச் சாவி உரசி விழுந்த கீறல் இரண்டிலும் இருந்தது.

"யாரு நெத்தில இருந்துச்சு?"

"முகத்த யாரு பாத்தா? விலையச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் சிவனாண்டி.

கேட்டதைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டும் அசல்தாம்லே நவாஸ். இது நான் சாகுற அன்னைக்கு என் நெத்தில இருந்து எடுத்தது."

"வெயிலு மண்டையில ஏறிருச்சு. செத்த நேரம் உக்காருங்க" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. கண் அந்த இரண்டு கீறலையும் மாறி மாறிப் பார்த்தது.

அன்றிலிருந்து அவரைச் சாவு பயம் பிடித்துக்கொண்டது. தன் நெற்றியில் காசு ஒட்டாவிட்டால் அந்த நாளே வராது என்று நம்ப ஆரம்பித்தார். மனைவி முனீஸ்வரியிடம் சொல்லி ஏச்சு வாங்கியதுதான் மிச்சம்.

கடைசியில் என்னிடம் வந்தார். "ஒங்க ஆளுகளுக்கு இந்த வழக்கம் கெடையாதே. நீ முன்னால நின்னு தடுக்கணும்ப்பா."

தடுக்கிறேன் என்று கையடித்துக் கொடுத்தேன். அவருக்கு உயிர் வந்தது.

இந்தச் சித்திரையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவருக்கு முகமெல்லாம் வேர்வை வழிகிறது. துண்டால் துடைத்துத் துடைத்து மாளாது. நடு நெற்றியில் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்கு வேர்ப்பதே இல்லை. அவரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.